கேட்டால் கொடுப்பார்கள்

பிட்ஸ்பர்க்
6 டிசம்பர் 2010

அன்புள்ள எய்னோ அண்ணாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அந்தப் பனியில் நீயே வண்டி ஓட்டிப் போகிறாயாமே. பிடிவாதக்காரா!

"ஜனங்க ஏன் தர்மம் பண்றாங்கன்னு இருபது வருஷமா ஆராயுற, இன்னுமா தெரியல?" என்று கேலி செய்தாய் அல்லவா? இந்த வருடத்து வேடிக்கையைக் கேள். இரண்டு வாசல் உள்ள ஒரு பலசரக்குக் கடை. ஒரு வாசலில் மட்டும் மணியடித்து ஏழைகளுக்கு நிதி திரட்டும் ஆள். அவர் பேசாமல் மணியடித்த நாட்களில் கொஞ்சம் பேர் காசு போட்டார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்ட நாட்களில் நிறையப் பேர் போட்டார்கள். ஆனால் அதே நாட்களில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள், கை நிறையப் பையோடு, பனியில் சுற்றிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நழுவிவிட்டார்கள்! ஒரு அம்மாள், வாசலில் நின்று எனக்காகக் கணக்கெடுத்த என் மாணவியிடம், "அந்தப் பக்கத்துக் கதவு திறந்திருக்கா கண்ணு? கேட்டா எனக்கு இல்லேன்னு சொல்ல வராது" என்றாளாம்.

கல்நெஞ்சக்காரர்கள் இல்லை அண்ணா. கேட்டால் கொடுத்துவிடுவோமே என்று பயம். பிறகு ஏன் கேட்டவருக்கே அதிகம் விழுகிறது? மண்டை காய்கிறது.

ஐலி

துலூத்
3 ஜனவரி 2011

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரமும் வைத்துப் படித்தேன். பக்கத்து நாற்காலிக்காரன், "என்னய்யா, காதல் கடுதாசியா?" என்றான். "தங்கச்சி எழுதுனது. படிச்ச புள்ள" என்றேன்.

படித்ததிலிருந்து ஒன்று உறுத்துகிறது. நீ விசாரிக்கும்போதெல்லாம் "பரவாயில்லை" என்றே எழுதுகிறேன். அது பொய். மாற்றுச் சிறுநீரகத்துக்கு இன்னும் நான்கு வருடம் காத்திருக்க வேண்டுமாம். அவ்வளவு நாள் தாங்காது என்கிறார் டாக்டர். வாய் திறந்து கேட்க வீம்பு விடவில்லை.

இப்போது கேட்கிறேன். உன் சிறுநீரகத்தில் ஒன்றை எனக்குத் தருவாயா?

உன் அண்ணன்
எய்னோ

பிட்ஸ்பர்க்
19 ஜனவரி 2011

அண்ணா,

பெயர் கொடுத்துவிட்டேன். இங்கேயே பரிசோதித்து உன் மருத்துவமனைக்குச் சொல்வார்களாம். குழாய் குழாயாக ரத்தம் எடுத்தார்கள். படிவத்தில் 'ஏன் தர விரும்புகிறீர்கள்?' என்று ஒரு கேள்வி. நூற்றுக்கணக்கான பேரிடம் நான் கேட்ட கேள்விதான். 'அண்ணன் கேட்டார்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ஐலி

துலூத்
2 மார்ச் 2011

ஐலி கண்ணு,

நீ பொருத்தமானவள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அதையே நினைத்து அழாதே. கேட்டவுடன் ஓடினாயே, எனக்கு அது போதும். இங்கே நர்சுகளிடமெல்லாம், "என் தங்கச்சி தர வந்தா, உடம்புதான் ஒத்துக்கல" என்று தம்பட்டம் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஏலக்காய் ரொட்டி சுட்டு அனுப்பியிருக்கிறேன். சாப்பிடு.

எய்னோ

பிட்ஸ்பர்க்
14 மார்ச் 2011

அண்ணா,

ரொட்டியை இன்னும் பிரிக்கவில்லை. என் உடம்பில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் பொருந்தியிருந்தது.

பரிசோதனையின் கடைசி நாள், தானம் தர வருகிறவர்களுக்காகவே மருத்துவமனை வைத்திருக்கும் ஒரு அம்மா என்னைத் தனியறைக்குக் கூப்பிட்டார். "இஷ்டம் இல்லேன்னா சொல்லிடுங்க. பொருந்தலைன்னு மட்டும் அவருக்குச் சொல்லுவோம். ஏன்னு யாருக்கும் தெரியாது" என்றார். தர வருகிறவர்கள் எல்லோரிடமும் இப்படிச் சொல்வது வழக்கமாம். கத்தி என்றாலே எனக்குக் குலை நடுங்கும். இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தம்பட்டம் அடித்தாயே, பாவி, அதைத்தான் தாங்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். அதே அம்மா. "யாராவது வற்புறுத்துனாங்களா?"

"இல்ல."

"குற்ற உணர்ச்சியா?"

"இருக்கலாம். பாசமாவும் இருக்கலாம். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத்தான் இருபது வருஷம் படிச்சேன். தெரியல."

சிரித்துவிட்டார். அரைமணி நேரம் துருவித் துருவிக் கேட்டார். பிறகு மூடிவைத்த என் ஃபைலை மறுபடி திறந்தார். நீ சம்மதித்தால் ஏப்ரல் பன்னிரண்டில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

பயம் போகவில்லை. உனக்குக் கோபம் வரும், வரட்டும். உன் வீம்பு எனக்குத் தெரியும். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே அண்ணா. இந்தத் தடவை நான் கேட்கிறேன்.

ஐலி