எங்கள் ஊர் மனை

நவம்பர் 9, ஞாயிறு

டெல்லியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் காலி மனை எங்கள் ஊர் மாநகராட்சிக்குச் சொந்தம். ஊரிலிருந்து இங்கே வருகிறவர்கள் தங்க விடுதி கட்டவென்று எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்டது. கட்டவே இல்லை. இப்போது உபரி நிலம் என்று சொல்லி, ஓட்டல் கட்ட ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவது, நாங்கள் சாயங்காலம் நடப்பது, தை பிறந்தால் பொங்கல் வைப்பது எல்லாம் அங்கேதான். வேறு இடம் ஏது?

ஊரிலிருந்து தம்பி சொல்லி, காலனிக்கு இதை முதலில் சொன்னவள் நான். இன்று கூட்டத்தில் பேசியது யார்? கீழ்வீட்டுக் கவிதா. டெல்லியிலேயே பிறந்தவள், இந்தியில் பொரிந்து தள்ளினாள். இளவரசி அக்காதான் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வலித்திருக்குமா?

நவம்பர் 12

கவிதா புதுச் சால்வை போட்டிருந்தாள். எனக்கென்ன.

நவம்பர் 16

தம்பி போனில் சண்டை பிடிக்கிறான். "எக்கா, நீங்க நடக்கதுக்கு எங்க ஊரு நெலமா? அந்த ரூவா வந்தா இங்க சாக்கடையாவது போடலாம்லா." நியாயம்தான். மழை வந்தால் அம்மா வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர். பாதியில் ஓட்டல், பாதி மைதானம் என்று கேட்டால் என்ன என்று கவிதாவிடம் சொன்னேன்.

"அச்சா ஐடியா அக்கா!" என்றாள். சாயங்காலக் கூட்டத்தில் தன் மூளையில் உதித்ததுபோல் அதையே பேசினாள். எல்லாரும் கைதட்டினார்கள். இவரும்தான்! கட்டிய புருஷன்!

நவம்பர் 21

பிள்ளைகள் விளையாடும் இடம் என்று கவிதா மனு கொடுத்திருந்தாள்; மாநகராட்சி அதிகாரிகள் இடத்தைப் பார்க்க வருகிறார்கள். "யாரும் ஒண்ணும் மாத்தாதீங்க. டெய்லி எப்படியோ அப்படியே இருக்கட்டும்" என்று கவிதா எல்லாருக்கும் உத்தரவு போடுகிறாள். எங்கள் ஊர்க்காரர்களை எப்படி வரவேற்பது என்று இவள் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

நவம்பர் 29, சனி

விடிந்ததும் ஆள் வைத்துப் பெருக்கினேன். ஸ்டம்ப், செங்கல், உடைந்த நாற்காலி, துணிக்கொடி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். விருந்தாளி போகும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது என்று பிள்ளைகளை விரட்டினேன். வாசலில் கோலம். கவிதா வந்து பார்த்து, "அக்கா, யே க்யா? என்ன இது?" என்று நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வந்த அதிகாரிகளில் பெரியவர் வெங்கடேஸ்வரன், ஊரில் எங்கள் அடுத்த தெருக்காரர். "நம்மூர்க்காரங்கன்னா சும்மாவா? இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கீங்களே தங்கச்சி!"

"ஈ காக்கா நுழைய விடமாட்டோம் அண்ணாச்சி. நம்ம ஊர்ச் சொத்துல்லா" என்றேன். கவிதா ஏதோ சொல்ல வந்தாள், தமிழ் தடுமாறியது. அவள் முடிப்பதற்குள், சாப்பாடு ஆறிவிடும் என்று அழைத்து வந்துவிட்டேன். சொதியும் இஞ்சித் துவையலும். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கவிதாவைக் கூப்பிடவில்லை. மனசு குளிர்ந்தது.

டிசம்பர் 18

அண்ணாச்சி போன் செய்தார். முழு மனையும் கம்பெனிக்கே.

"பிள்ளைங்க வெளாடுற எடம்னு அந்தப் புள்ள மனு குடுத்துச்சு. நாங்க வந்தப்ப ஒரு பய வெளாடலியே தங்கச்சி. ஈ காக்கா நுழையாதுன்னு நீங்களே சொன்னீங்க. கவுன்சில்ல அதத்தான் சொன்னேன். உங்க பேரச் சொல்லித்தான் சொன்னேன்."

என் பெயரைச் சொல்லி. புலம்பிக்கொண்டே இருந்தேனே இத்தனை நாளும் — சொல்லவில்லை, சொல்லவில்லை என்று. சொல்லியாகிவிட்டது.

டிசம்பர் 19

அண்ணாச்சி சொன்ன காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட.

ஜனவரி 11

மனையைச் சுற்றித் தகரம் அடித்து மறைத்துவிட்டார்கள். கவிதா வீட்டுக்கு வந்தாள். நான் செய்தது தெரிந்துவிட்டது, சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். சோபாவில் உட்கார்ந்து அழுதாள்.

"என்னாலதான் அக்கா. என் தமிழ் சரியில்ல, அவங்களுக்குப் புரிய வைக்கத் தெரியல. நீங்க எவ்ளோ செஞ்சீங்க."

நான் காபி போட்டுக் கொடுத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது — காலனி வாட்ஸ்அப்பில் எல்லாரும் அவளுக்கே ஆறுதல் சொல்கிறார்களே என்று அப்போதும் வயிறு எரிந்தது. என்ன ஜென்மம் நான்?

ஜனவரி 15

பொங்கல், அவரவர் கேஸ் அடுப்பில். பிள்ளைகள் படிக்கட்டில் பந்தை உதைக்கிறார்கள். அதட்ட மனம் வரவில்லை.

கவிதா சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். இனி சாயங்காலம் நடக்க இடமில்லையே, அந்த நேரத்தில் தமிழ் சொல்லித் தருவீர்களா என்று கேட்டாள். "ஊர்க்காரங்ககிட்ட உங்கள மாதிரி பேசணும் அக்கா."

சரி என்றேன்.