மூன்றாம் எண் தட்டு

மார்ச் 3
இன்று போன ஓட்டலில் சூப் ஆறிப்போயிருந்தது. எழுதத்தான் போகிறேன். பில் கொண்டுவந்தவர், "கேக் மாவு பாக்கெட்டுல இருக்கிற மேடம்தானே நீங்க?" என்றார். இருபது வருடம் ருசி பார்த்து எழுதியும் யாருக்கும் தெரியாத முகம், ஆறு வருடமாக எல்லார் வீட்டு அலமாரியிலும். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல.

மார்ச் 9
பத்திரிகை அலுவலகத்தில் கேக் மாவுகளை ஒப்பிட்டோம். எப்போதும் போல ஐந்து தட்டு, ஐந்து எண். எது யாருடையது என்ற பட்டியல் ஆசிரியர் சட்டைப்பையில். என் மாவையும் சேர்க்கச் சொன்னதே நான்தான் — முதலிடம் வரும் என்ற திமிர். மூன்றாம் எண்ணுக்கு எழுதினேன்: 'வெண்ணெய் பக்கமே போகாத கேக். மேல்வாயில் மெழுகு ஒட்டுகிறது. கடைசி இடம்.'
ஆசிரியர் பட்டியலைப் பிரித்துப் பார்த்தார். அப்படியே என் பக்கம் தள்ளினார்.
மூன்று என்னுடையது.

மார்ச் 10
தொழிற்சாலை மேலாளரைப் போனில் பிடித்தேன். "வெண்ணெய்த்தூளை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சே மேடம். சாம்பிள் அனுப்பினோம். 'அருமை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்களே."
அந்தச் சாம்பிள் பெட்டி பரணில் கிடக்கிறது. ஒட்டின டேப்கூடப் பிரிக்கவில்லை. ருசிக்காமலேயா கையெழுத்துப் போட்டேன்? அடுத்தவன் குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலும் சந்தி சிரிக்க வைக்கிற நானா?

மார்ச் 11
அந்த மாவின் செய்முறையே அக்காவுடையது. அவளிடம் சொன்னேன்.
"தெரியும்டி. ரெண்டு வருஷமா நான் அதை வாங்குறதில்ல."
"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றேன்.
"நாக்கு உன்னோடது. உனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சுதான் விக்கிறியோன்னு..."
கூடப் பிறந்தவளே என்னை அப்படி நினைச்சிருக்கா. ரெண்டு வருஷம். அழுகைகூட வரல.

மார்ச் 14
"மூணாம் நம்பரைத் தூக்கிட்டு மீதி நாலை மட்டும் போட்டுடலாமா?" என்றார் ஆசிரியர். ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்றேன். இப்படி ஒரு கட்டுரை வரப்போகிறது என்று கம்பெனிக்கும் நானே சொல்லிவிட்டேன்.

மார்ச் 16
கம்பெனி வக்கீல் வந்தார். ரொம்ப மரியாதை. கேக் சம்பந்தமாக என் பெயர் எங்கே வந்தாலும் ஒப்பந்தப்படி அது அவர்கள் சொத்தாம். எழுதலாம், கீழே பெயர் போடக் கூடாது. என் பேரை நான் போடக் கூடாதா? அந்தப் பக்கத்தையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
பெயரில்லாமலே போடுங்கள் என்று ஆசிரியரிடம் சொன்னேன்.

மார்ச் 22
கட்டுரை வந்துவிட்டது. மேல்வீட்டு டீச்சர் பத்திரிகையோடு இறங்கி வந்தார். "எவனோ பேர் போடக்கூடத் தைரியமில்லாதவன் உங்க கேக்கை இப்படிக் கிழிச்சிருக்கான். மனசுல வெச்சுக்காதீங்க."
"சரியாத்தான் எழுதியிருக்காங்க," என்றேன்.
அவர் நம்பவில்லை. நான் மனசு விட்டுப்போய்ப் பேசுகிறேன் என்று நினைத்து, மேலே ஓடி ஒரு துண்டு கேக் கொண்டுவந்தார். காலையில் என் மாவில் செய்தது. "எங்க வீட்ல இது மட்டும்தான். சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க."
வாசலில் நின்றபடி, அவர் பார்க்கப் பார்க்க, முழுத் துண்டையும் சாப்பிட்டேன்.