ஏழு படிகளும் பதினோரு பீப்பாய்களும்

செப்டம்பர் 3, செவ்வாய்

லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே கார் வயர்களுக்கு டேப் சுற்றிவிட்டு வந்து நான்கு மாடி ஏறினேன். வாசலில் யாரோ குடைமிளகாய் சுடுகிறார்கள். படிக்கட்டு முழுக்கப் புகை.

ரெல்யா ஜன்னலோரம் இருந்தான். "வெளியில என்ன விசேஷம்?"

"மிளகாய் சுடறாங்க."

"அதான் இங்கயே வருதே. வேற?"

வேறு என்ன சொல்ல? ஹோட்டல் கட்டுமிடத்தில் தம்பி சாரத்திலிருந்து விழுந்து பதினாலு மாதம். வேலையாட்கள் பட்டியலில் அவன் பெயரே இல்லை என்று காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்துவிட்டான். பத்தொன்பது வயது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரி நாள் தவிர அவன் தெருவைப் பார்ப்பது மேலிருந்துதான்.

ஆனால் இன்று ஒரு போன். மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் மின்சாரச் சக்கர நாற்காலி ஒன்று வந்திருக்கிறது, ரெல்யாவின் முறை. எங்கள் தெருவின் மேட்டை ஏற அதனால் மட்டும்தான் முடியும். நூற்றுப்பத்து கிலோ, படியேற்ற முடியாது. தெரு மட்டத்தில், பூட்டு போடுகிற மாதிரி, பிளக் உள்ள ஓர் இடம் காட்ட வேண்டும். நவம்பர் 29 வந்து பார்ப்பார்களாம். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயர்.

இடம் இருக்கிறது! வாசல் கதவுக்கு உள்ளே, இடப்பக்கம், தள்ளுவண்டி அறை. குழந்தை வண்டிகளுக்காகக் கட்டியது. முப்பது வீட்டுக்கும் சேர்த்து இப்போது இரண்டே குழந்தைகள். அங்கே கிடப்பதெல்லாம் காலிப் பீப்பாய்கள்தான். அதைத் தாண்டினால் ஏழு படி, அப்புறம்தான் லிஃப்ட். அந்த ஏழு படியை யார் யோசித்தார்களோ, அவர்கள் கால் நன்றாக இருக்கட்டும்.

செப்டம்பர் 5

கட்டட மேலாளர் மிலோயேவிடம் போனேன். பீடிகையே இல்லை.

"அந்த ரூம் இப்ப நம்ம கையில இல்லம்மா. கம்பெனிக்கு விட்டாச்சு."

அடுக்ககங்களில் சும்மா கிடக்கும் சாமான் அறைகளை எடுத்து, கம்பி அடைத்து, இடமில்லாத வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகிற கம்பெனி. நிலவறை, துணி உலர்த்தும் அறை, தள்ளுவண்டி அறை, மூன்றும் போயிற்று. பதிலுக்கு லிஃப்ட்டைச் சரி செய்து தருவார்களாம். ஆகஸ்ட்டில் வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியிருக்கிறான். நவம்பர் 15-க்குள் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் வேண்டாமென்றால் ரத்து. அதற்கப்புறம் ஐந்து வருடம்.

"இருபது கையெழுத்து கொண்டா. என் கையாலயே கிழிச்சிப் போடறேன்." சிரிக்கிறான்.

தாளைக் காட்டினான். எட்டாவது வரியில் அம்மாவின் கையெழுத்து.

அதே நாள், சாயங்காலம்

"லிஃப்ட்டுன்னு சொன்னாங்கடி. லிஃப்ட் நின்னா அவன தூக்க ரெண்டு ஆள் தேட வேண்டியிருக்கு. நான் வேற என்ன பண்ணுவேன்?"

"படிச்சியாம்மா?"

"கண்ணாடி உள்ள இருந்துது."

கத்தினேன். ரொம்பக் கத்திட்டேன். ரெல்யா உள்ளேயிருந்து, "அக்கா, போதும்" என்றான். ஒரே தடவைதான் சொன்னான்.

செப்டம்பர் 14

ஒன்பது நாளாகக் கதவு தட்டுகிறேன்.

ஆறாம் மாடி டெசாங்கா அத்தை, நான் பிறந்ததிலிருந்து தெரிந்தவள்: "உன் தம்பிய நெனச்சா வயிறு எரியுதும்மா. ஆனா லிஃப்ட் இல்லாம இந்த முட்டியோட நான் எப்படி?"

மூன்றாம் மாடி ஆசிரியர்: "சட்டப்படி அது பொது இடம். ஒருத்தருக்குன்னு குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க." எல்லாருமா முதுகு உடைஞ்சு கிடக்காங்க?

ஐந்தாம் மாடி பிளகோயே மாமா மட்டும், ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர், கேட்பதற்குள் போட்டுவிட்டார். "கம்பெனிக்கும் போட்டேன், உனக்கும் போடறேன். பேனா நல்லா எழுதுது."

எங்கள் வீட்டையும் சேர்த்து நாலு.

செப்டம்பர் 20

இன்று யாரும் கதவைத் திறக்கவில்லை. டி.வி. சத்தம் மட்டும் குறைந்தது.

அக்டோபர் 1

தள்ளுவண்டி அறைக்குப் புதுப் பூட்டு. உள்ளே கம்பி வலை. யாருடையதோ பனிச்சறுக்குப் பலகைகள், டயர்கள், மூடிய துணிக்கடையின் தலையில்லாத பொம்மைகள் நான்கு. எங்கோ ஒரு கடையின் பொம்மைக்குத் தெரு மட்டத்தில் இடம் உண்டு. சுவரில் பிளக் தெரிகிறது. கம்பிக்கு அந்தப் பக்கம்.

அக்டோபர் 8

ரெல்யாவின் அறையில் தொப், தொப் என்று சத்தம். உள்ளே தாழ்ப்பாள். அம்மா கதவைத் தட்டி, "விழுந்துட்டியாடா?" என்றாள்.

"இல்லம்மா. போ."

மறுபடியும் தொப். கொஞ்ச நேரம் இடைவெளி. தொப்.

எதையாவது எறிகிறானா? தன்னையே எறிகிறானா? கேட்கப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 17

லிஃப்ட் சரியானது. ஆறு நாள் ஓடியது. இன்று நின்றது.

அக்டோபர் 26, சனி

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காலையில் முட்டைகோஸ் லாரி வந்தது. வருடாவருடம் போல எல்லாரும் மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். குளிர்காலம் முழுக்கச் சர்மா வேண்டுமே, சர்மாவுக்குக் கறியைச் சுருட்டி வைக்கப் புளித்த கோஸ் இலை வேண்டுமே. கோஸைப் புளிக்கவைக்கும் பீப்பாயைக் கழுவ டெசாங்கா அத்தை வாளியோடு தள்ளுவண்டி அறைக்குப் போனாள். சாவி நுழையவில்லை.

"மிலோயே! என் பீப்பாய் எங்கடா?"

பின்முற்றத்தில், குப்பைத் தொட்டிக்குப் பின்னால், மழையில் குவியலாகக் கிடந்தன. மொத்தம் பதினொன்று. ஒன்றில் பூனை.

மிலோயே ஒப்பந்தத்தோடு ஓடி வந்தான். ஒன்பதாவது பிரிவாம்: சாமான் அறைகளில் உணவு, திரவம், நாற்றமடிக்கும் பொருள் வைக்கக் கூடாது.

"நாத்தமா? எங்க கோஸ் நாத்தமா?" இது மூன்றாம் மாடி ஆசிரியர். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"பால்கனியில வைங்களேன்..."

"வெயில் அடிச்சா ரெண்டு வாரத்துல கூழாயிடும்டா, முட்டாள்!"

"நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?"

"ஆகஸ்ட்ல போட்டோம்! ஆகஸ்ட்ல எவன் கோஸப் பத்தி நெனப்பான்?"

இருபது பேராவது இருக்கும், வீட்டுச் செருப்போடு. டெசாங்கா அத்தையின் மூட்டை என் தோளில். கீழே போடத் தோன்றாமல் நின்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அசிங்கமான ஒரு சந்தோஷம்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஒரே தாள். முதல் வரி: கம்பெனி ஒப்பந்தம் ரத்து, பீப்பாய்கள் திரும்பவும் தள்ளுவண்டி அறைக்கு. இரண்டாவது வரி: பிளக் பக்கத்து மூலை ரெல்யாவின் நாற்காலிக்கு.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை. இருபத்து மூன்று கையெழுத்து. செப்டம்பரில் நாலு.

இரண்டாம் மாடியில் ஒருத்தி: "பீப்பாய்னு போட்டிருக்கில்ல?"

"போட்டிருக்கு."

"அப்ப குடு பேனாவ."

டெசாங்கா அத்தை மட்டும் கண்ணாடி மாட்டி இரண்டு வரியையும் படித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வேணும்னுதான கோஸ முதல் வரியில வெச்ச?"

"ஆமா."

போட்டாள். பேனாவைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 29

மிலோயே: "ரெண்டாவது வரியப் படிச்சிட்டா போட்டாங்க எல்லாரும்?"

"உங்க ஒன்பதாவது பிரிவப் படிச்சிட்டா போட்டாங்க?"

தாளை வாங்கிக்கொண்டான். காலி செய்ய கம்பெனிக்கு நேரம் வேண்டுமாம்.

நவம்பர் 3

கம்பெனி வரவில்லை. ஒவ்வொரு மாடியிலும் கோஸ் மூட்டைகள் வாட ஆரம்பித்துவிட்டன. மத்தியானம் பிளகோயே மாமா வெட்டுக் குறடோடு இறங்கினார். ஒரே அழுத்து, பூட்டு கீழே. பலகைகளையும் டயர்களையும் மிலோயேவின் கதவுக்கு முன்னால் அடுக்கினோம். நான் இரண்டு பொம்மைகளைத் தூக்கிப் போனேன், இரண்டு அக்குளிலும் ஒவ்வொன்று. மாமா சல்யூட் அடித்தார்.

சாயங்காலத்துக்குள் பீப்பாய்கள் கழுவி, கோஸ் அடுக்கி, உப்பு போட்டு, தண்ணீர் ஊற்றியாயிற்று.

மூலையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு வைத்தேன்.

நவம்பர் 27

கட்டத்துக்குள் ஒரு பீப்பாய். நிறைந்தது. டெசாங்கா அத்தையுடையது. மூலையில் குளிர்ச்சி அதிகம் என்று இரண்டு பேரை வைத்து நகர்த்தியிருக்கிறாள். நாளை மறுநாள் பார்க்க வருகிறார்கள்.

"அப்புறம் நகத்தலாம்மா. இப்பதான் புளிக்க ஆரம்பிச்சிருக்கு, கலங்கிடும்."

அப்புறமா? எப்ப அப்புறம்? நான் என்ன கேட்டேன், வீடா கேட்டேன்? ஒரு மூலை. கோஸுக்கு இருபத்து மூணு பேர் ஓடி வந்தீங்க, அவன் பதினாறு மாசமா மேல கிடக்கான், ஒருத்தர் வந்து எட்டிப் பார்த்தீங்களா? சாகட்டும்னு விட்டீங்கதானே? இதெல்லாம் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். படிக்கட்டில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. யாரும் வெளியே வரவில்லை.

டெசாங்கா அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முட்டி மடங்காமல் பாதி உட்கார்ந்து, பீப்பாயின் அடியிலுள்ள குழாயைத் திறந்தாள்.

"வாளி எடுத்துட்டு வா" என்றாள்.

ஏழு வாளி உப்புத் தண்ணீர். காலியாக்கி, நகர்த்தி, திரும்ப ஊற்றினோம்.

நவம்பர் 29

சங்கத்து அம்மாள் வந்தாள். மூக்கைச் சுருக்கி, "என்ன இது வாசனை?" என்றாள்.

"கோஸ்."

பிளக்கைத் தொட்டுப் பார்த்தாள். கதவை அளந்தாள். பீப்பாய்க்கும் கட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு என்று இரண்டு தடவை அளந்தாள். பிறகு, "எங்க வீட்டுல இந்த வருஷம் போடல" என்றாள், கையெழுத்துப் போட்டபடியே.

டிசம்பர் 5

நாற்காலி வந்துவிட்டது. லிஃப்ட்டும் நாலு நாளாக ஓடுகிறது. ரெல்யாவை நானும் பிளகோயே மாமாவும் ஏழு படி இறக்கினோம். மேட்டில் இறங்கி ஏறி வந்தான்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை அடியிலிருந்து உப்புத் தண்ணீரைப் பிடித்து மேலே ஊற்ற வேண்டும். பதினோரு பீப்பாய்க்கும் தானே செய்வதாகச் சொல்லியிருக்கிறான். மாமா அவனுக்கு முட்டைகோஸ் மந்திரி என்று பெயர் வைத்துவிட்டார்.

டிசம்பர் 18

மந்திரியின் ஜாக்கெட்டில் கோஸ் வாடை போகவே மாட்டேன் என்கிறது. பஸ்ஸில் ஒருவன் தள்ளி உட்கார்ந்தானாம். ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக ரெல்யா ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்லிச் சிரித்தான்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் நாங்கள் இருவர் வேண்டும். என் ஷிஃப்ட், மாமாவின் தூக்கம், அதற்கு நடுவில்தான் அவனுக்குத் தெரு. அறைக்குள் சத்தம் இன்னும் கேட்கிறது. தொப். தொப்.

ஜனவரி 17, வெள்ளி

மூன்றரைக்கு வந்தேன். தள்ளுவண்டி அறை திறந்து கிடந்தது. மூலையில் நாற்காலி இல்லை. சார்ஜ் வயர் மட்டும் தொங்கியது.

திருடிட்டாங்க. முதலில் தோன்றியது அதுதான். மிலோயேவைக் கத்திக் கூப்பிடத் திரும்பியவள் நின்றுவிட்டேன். சாக்கட்டிக் கட்டத்தின் ஓரம் ஒரு தக்காளிப் பெட்டி கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் இன்னொரு பெட்டி, பாதி தள்ளி, படி மாதிரி. அதன் மேல் ரெல்யாவின் ஒற்றைக் கையுறை, உள்ளங்கை தேய்ந்துபோய்.

ஏழு படியைப் பார்த்தேன். நடுவில் தூசி அகலமாகத் துடைபட்டிருந்தது, மேலிருந்து கீழ்வரை. மேலே, லிஃப்ட் கதவு பக்கத்தில், வீட்டுக்குள் அவன் தள்ளிக்கொண்டு போகும் பழைய சக்கர நாற்காலி. பிரேக் போட்டிருந்தது.

தொப். தொப்.

மூன்று மாதமாகத் தன் அறைக்குள் அவன் பழகியது இதைத்தான். தள்ளுவண்டி அறையிலிருந்து வாசல்வரை உப்புத் தண்ணீரில் இரண்டு சக்கரத் தடம். வெளியே போய்ப் பார்த்தேன். இறக்கத்துப் பக்கம் திரும்பி, நடைபாதையின் மூன்றாவது கல்லில் காய்ந்துபோயிருந்தது.

போனை எடுத்தேன். திரும்பப் பையில் போட்டேன்.

இன்று தண்ணீர் மாற்றுகிற நாள். வாளியை எடுத்து நானே ஆரம்பித்தேன். நாலாவது பீப்பாயில் பிளகோயே மாமா எட்டிப் பார்த்தார்.

"மந்திரி எங்க காணோம்?"

"வெளிய போயிருக்கான், மாமா."

அவர் படியைப் பார்த்தார். மேலே நின்ற நாற்காலியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, இன்னொரு வாளியை எடுத்தார்.

பதினோராவது முடிக்கும்போது ஐந்து மணி. அவன் இன்னும் வரவில்லை. மேலே இருக்கும் நாற்காலியை யாரும் நகர்த்திவிடக் கூடாதென்று என் கோட்டை அதன் மேல் போட்டுவிட்டு வந்தேன்.