பூசையில் வாசித்த பெயர்

மாசாய்,
12 ஜூலை 2025

அன்புள்ள மெலிசா அப்பாவுக்கு,

உயிரோடு இருக்கிற உங்களுக்கு, உயிர் பிழைத்து வந்த சூசையம்மாள் எழுதிக்கொள்வது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் திரும்பத் திரும்ப போன் செய்ததாக மெலிசா சொன்னாள். நான்தான் தர வேண்டாம் என்றேன். உங்கள் குரலைக் கேட்டால் கோபம் வரும். கோபம் வந்தால் நெஞ்சு படபடக்கும். டாக்டர் கூடாது என்கிறார். கடிதம் என்றால் கோபம் வரும்போது மடித்து வைத்துவிடலாம்.

போன ஞாயிறு பூசையில் ஷர்மைன் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தாள். மதியச் சமையலுக்கு நண்டா கோழியா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "தங்காக்கிலிருந்து ஸ்டானிஸ்லாஸ்" என்றாள். ஆறு வருஷமாக நீங்கள் இல்லாமல்தான் இந்த வீட்டில் சமைத்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அந்த ஒரு நிமிஷம் மட்டும் முடியவில்லை. மின்விசிறிகள் எல்லாம் மெதுவாகச் சுற்றின. பாட்டு தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. விழுந்தது தெரியும், வலித்தது தெரியாது.

மாரடைப்பு என்றுதான் நினைத்தார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தால் அடைப்பே இல்லை. டாக்டர் ஹேமநாதன் நம்ம பையன், சிரித்துக்கொண்டே பேசுகிறார். "ஆன்ட்டி, ரத்தக்குழாய் எல்லாம் கிளியர் லா. பெரிய அதிர்ச்சி வந்தா தசை சில நேரம் இப்படி சோர்ந்து, பலூன் மாதிரி உப்பிடும். மருந்து சாப்பிடுங்க, ரெண்டு மாசத்துல பழையபடி ஆயிடும்" என்றார். ஜப்பான்காரர்கள் ஆக்டோபஸ் பிடிக்கிற பானைபோல இதயம் தெரியுமாம். எனக்கு நீங்கள் கோங் கோங் கடலில் நண்டுக்கு இறக்கின பூபு கூண்டுதான் ஞாபகம் வந்தது.

மெலிசா உங்களுக்கு போன் போட்டு, நீங்களே "ஹலோ" என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உயிரோடு இருக்கிறவர் பெயர் இறந்தவர் பட்டியலுக்கு எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம். எழுதினால் போதும்.

இப்படிக்கு,
சூசையம்மாள்

*

தங்காக்,
17 ஜூலை 2025

அன்பு சூசைக்கு,

உன் கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. திட்டு மட்டும் நடுங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது.

ஒன்று சொல்கிறேன், மடித்து வைத்துவிட்டு அப்புறம் படி. அந்தப் பெயரைக் கொடுத்தது நான்தான்.

எனக்குக் குடலிறக்கம். நீ விழுந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மயக்க ஊசி என்றதும் பயம் வந்துவிட்டது. கடைத்துணி ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வந்த குணாளனிடம், நான் தேறி எழ ஞாயிறு பூசையில் மன்றாடச் சொல்லி ஒரு காணிக்கை உறை கொடுத்தனுப்பினேன். பெயரையும் ஊரையும் மட்டும் எழுதினேன். உயிரோடு இருப்பவருக்கு என்றால் "நலனுக்காக" என்று சேர்த்து எழுத வேண்டும், வெறும் பெயர் வந்தால் இறந்தவர் பக்கம் சேர்த்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் கோயிலுக்குப் போகிறவன். அவசரத்தில் மறந்துவிட்டேன்.

தங்காக்கிலும் கோயில் இருக்கிறது. ஆனால் அங்கே நீ உட்கார்ந்திருக்க மாட்டாயே. என் பெயர் உன் காதில் விழ வேண்டும், "இந்த மனுஷனுக்கு என்னவோ" என்று நீ ஒரு போன் போட மாட்டாயா என்று நினைத்தேன். உன்னைக் கீழே தள்ளிவிட்டேன்.

விஷயம் கேட்டதும் பையைத் தூக்கினேன். தம்பி லெஸ்லி, "தையலோட பஸ்ல போறியா? அலமாக்!" என்று பிடுங்கி வைத்துவிட்டான். இப்போது காயம் ஆறிவிட்டது. வா என்று ஒரு வார்த்தை எழுது.

உன்,
ஸ்டானிஸ்லாஸ்

*

மாசாய்,
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மெலிசா அப்பாவுக்கு,

மடித்து வைத்து மடித்து வைத்து, கடிதம் கிழியும் நிலைக்கு வந்துவிட்டது. ஆபரேஷனை என்னிடம் சொல்லாமல் சாமியிடம் சொல்லி, சாமி என்னிடம் சொல்ல வேண்டுமா? நல்ல ஆள் நீங்கள்.

மருந்து சாப்பிட்டால் பட்டப்பகலில் கண் சொருகுகிறது. சாயங்காலம் பாசிர் கூடாங் ஆலைப் புகைபோக்கியில் தீ எரியும்போது நம் ஜன்னல் முழுக்க ஆரஞ்சு நிறம். தூக்கமா விழிப்பா என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். நேற்று கடல் மெதுவாக வீட்டுக்குள் வந்தது. நாற்காலிகள் மிதந்தன. உங்கள் கூண்டு ஒன்று ஹாலில் மிதந்து வந்தது. உள்ளே நண்டு இல்லை, என்னுடைய இதயம். அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டு இருந்தது. நான் பயப்படவே இல்லை. கூண்டுக் கதவைத் திறந்துவிட நீங்கள் வருவீர்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். விழித்தால் தலையணை நனைந்திருந்தது.

இதைப் படித்துவிட்டுப் பையைத் தூக்காதீர்கள். இப்போது வந்தால் நீங்கள் நோயாளியைப் பார்க்க வந்தவர். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கடைசி பஸ்ஸைப் பார்க்கிறவர். தம்பி கடைக்கு ஒரு மாதம் ஒத்தாசை என்று போனவர் நீங்கள். நீங்கள் கூப்பிடவில்லை, நான் வரவில்லை. நான் கேட்கவில்லை, நீங்கள் திரும்பவில்லை. அதைப் பாவம் பார்த்து ஒட்ட வைக்கக் கூடாது.

செப்டம்பர் முதல் வாரம் மறுபடி ஸ்கேன். இதயம் பழையபடி ஆகட்டும். அதன் பிறகும் எனக்கு நீங்கள் வேண்டுமா என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சூசையம்மாள்

*

தங்காக்,
20 ஆகஸ்ட் 2025

அன்பு சூசைக்கு,

சரி, காத்திருக்கிறேன். காலையில் லேடாங் மலை மேகத்துக்குள் போய்விடுகிறது, கடை திறக்கும்போது வெளியே வருகிறது. நான் சேலை மடிக்கிறேன். ஒரே சேலையை இரண்டு தடவை மடிக்கிறேன் என்று லெஸ்லி திட்டுகிறான்.

ஒரு பயம் இருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? இதயம் பழையபடி ஆகிவிடும் என்கிறாய். எந்தப் பழையபடி? நான் இல்லாமல் ஆறு வருஷம் அமைதியாக இருந்ததே, அந்தப் பழையபடியா? உனக்குக் குணமாக வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன். செபித்து முடித்ததும், குணமாகிவிட்டால் என்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று உட்கார்ந்துவிடுகிறேன். இப்படி ஒரு புருஷன்.

ஜன்னலில் வெளிச்சம் அடிக்கிறது என்றாயே, திரைக்குக் கெட்டியான நீலத் துணி குணாளனிடம் கொடுத்திருக்கிறேன். அளவு எனக்கு ஞாபகம் இருக்கிறது. துணி வைத்த உறையின் மேல் "நலனுக்காக" என்று பெரிதாக எழுதியிருக்கிறேன், பயப்படாதே.

உன்,
ஸ்டானிஸ்லாஸ்

*

மாசாய்,
8 செப்டம்பர் 2025

அன்புள்ள மெலிசா அப்பாவுக்கு,

ஸ்கேன் முடிந்துவிட்டது. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்பு வெள்ளையாக, கலங்கிய தண்ணீரில் தெரிவதுபோல் இதயம். "பாத்தீங்களா ஆன்ட்டி, நல்லா சுருங்கி விரியுது. ஒண்ணுமே நடக்காத மாதிரி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு ஒன்றும் ஞாபகம் இல்லை போல. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து பார்த்தேன். படபடப்பு இல்லை, மயக்கம் இல்லை, பயமும் இல்லை. அப்போதும் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோது நீங்களா என்று எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பையன். கோபம் கோபமாக வந்தது, அவன்மேல்.

துணி வந்தது. நல்ல நீலம், அளவும் சரி. தைத்துவிட்டேன், மாட்டவில்லை. கம்பி உயரத்தில் இருக்கிறது, எனக்கு எட்டாது.

நேற்று கோயில் அலுவலகத்துக்குப் போய் நானே ஒரு உறை கொடுத்தேன். "ஸ்டானிஸ்லாஸ், சூசையம்மாள். நலனுக்காக. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறேன். ஷர்மைனிடம் இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னேன். பாவம், பயந்துபோய்ப் படித்தாள். வரும் ஞாயிறு வாசிப்பார்கள்.

தங்காக்கில் இருந்தால் உங்கள் காதில் விழாது. இடது பக்கம், மூன்றாவது பெஞ்சு. என் பக்கத்தில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். ஆரஞ்சுப் பழம் வேண்டாம். பெரிய பையாகக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சூசை