செக்போஸ்ட் நோட்டில் இரண்டு பேர்

கோபக்காரிக்கு சலாம்.

நீ அம்மா வீட்டுக்குப் போய் எட்டு நாள் ஆகிறது. செங்கம் ரோட்டு வீட்டில் உட்காரவே முடியவில்லை. இன்று பைக்கை எடுத்துக்கொண்டு ஜவ்வாது மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு நல்ல காட்சி. ஓரிடத்தில்கூட நிற்கப் பிடிக்கவில்லை.

அடிவாரச் செக்போஸ்ட் நோட்டில், பழக்கத்தில் ‘இரண்டு பேர்’ என்று எழுதிவிட்டேன். வனக்காவலர் காலியான பின்சீட்டைப் பார்த்தார்.

“இன்னொருத்தர் எங்கங்க?”

“முன்னாடியே போய்ட்டாங்க.”

“அப்போ திரும்பும்போது ரெண்டு பேரா வாங்க.”

மலையைத் தாண்டி ஆலங்காயம் வந்துவிட்டேன். உங்கள் தெருமுனை டீக்கடையில்தான் இதை எழுதுகிறேன். கதவிடுக்கில் செருகிவிட்டு இங்கேயே நிற்பேன். உன் தங்கை நிச்சயத்துக்கு வராமல் அன்று எங்கே சுற்றினேன் என்று மட்டும் கேட்காதே.

காலையில் கிளம்பும்போதே உன் ஹெல்மெட்டையும் எடுத்துவந்தேன். அதுவும் பழக்கத்தில்தான்.

முன்சீட்டுக்காரன்