கிறிஸ்துமஸ் காலையில் நீ எழுந்து போகாத வரிசை

அடியே,

கிறிஸ்துமஸ் முடிந்து நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் புது வருஷத்துக்கென்று ஜெனிட்டா இன்னொரு கேக் செய்து நேற்று கே.கே. நகரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். டப்பாவைத் திறந்ததும் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை கூடம் வரைக்கும் வந்தது. நான் வழக்கம்போல ஒரு துண்டை எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்தேன். "முட்டை போடலை அத்தை," என்றாள் உன் மகள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "எங்கம்மா செய்யற மாதிரியேதான் செஞ்சேன்." அப்படிச் சொன்னால் என் சந்தேகம் கூடத்தானே செய்யும்? சைவக்காரிக்கென்று தனியாகச் செய்தேன் என்று நீ கொடுத்த கேக்கையே நான் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. முட்டை இல்லாமல் ஒரு கேக் அப்படிப் பஞ்சு மாதிரி வருமா என்ன?

என்ன செய்வது, சந்தேகப்பட்டுத்தானே சம்பளம் வாங்கினேன். தி.நகர் இன்சூரன்ஸ் ஆபீசில், கிளெய்ம் பிரிவில், நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஐப்பசி மழை ஓய்ந்ததும் புடவைக் கடைக்காரர்கள் வந்து நிற்பார்கள், குடோனில் தண்ணீர் புகுந்து மொத்தச் சரக்கும் போச்சு என்று. காட்டுவதற்காகக் கொண்டுவந்த கட்டைப் பிரித்து நான் நடுவில் கையை விட்டுப் பார்ப்பேன். மேலே சொட்டச் சொட்ட ஈரம், உள்ளே பாச்சை உருண்டை வாசனையோடு சுகமாகக் காய்ந்து கிடக்கும். நீ அதற்குள் அந்த ஆளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருப்பாய். "பாவம்டீ, பாதியாவது நனைஞ்சிருக்கும்ல?" என்பாய். நம் இரண்டு பேரையும் கலந்து பிசைந்தால் ஒரு நல்ல கிளார்க் கிடைப்பார் என்று சூபரிண்டென்ட் சொல்லிச் சிரிப்பார்.

டிசம்பர் பிறந்தால் பிரிவில் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் சீட்டுக் குலுக்குவோம். யார் பெயர் நமக்கு வந்ததோ அவருக்குத் தெரியாமல் தினம் ஏதாவது மேஜையில் வைக்க வேண்டும், பார்ட்டி அன்றுதான் ஆளைக் காட்ட வேண்டும். என் மேஜையில் ஒரு நாள் கதம்பம், ஒரு நாள் கமர்கட், ஒரு நாள் ஸ்டிக்கர் பொட்டு. மற்றவர்கள் கிடைத்ததை வைத்துக்கொண்டு சந்தோஷப்படுவார்கள். நான் விசாரணை நடத்துவேன். முடிச்சுப் போட்டிருந்த விதத்திலேயே தெரிந்துவிடும், நீதான். அடுத்த வருஷமும் நீ, அதற்கடுத்த வருஷமும் நீ. அத்தனை பேர் இருக்கிற பிரிவில் என் பெயர் மட்டும் உனக்கே எப்படி விழும் என்று மடக்கினேன். "ஆண்டவர் செயல்டீ," என்று கண்ணை உருட்டினாய். செய்வதையெல்லாம் செய்துவிட்டு ஆண்டவர் தலையில் கட்டுவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நீ மட்டும் என்ன, என்னை அப்படியே நம்பிவிட்டாயா? பொங்கலுக்கு நான் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தால், "சாமிக்குப் படைச்சதா?" என்று கேட்பாய். படைப்பதற்கு முன்பே உனக்கென்று எடுத்துவைத்தது என்று சொல்வேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பாய். பிறகு வழித்துச் சாப்பிடுவாய், அது வேறு விஷயம்.

ஒரு ஜனவரியில் நம் டைப்பிஸ்ட் பெண்ணுக்குச் சர்ச்சில் கல்யாணம். பாதிப் பூசையில் எல்லோரும் எழுந்து சாமியாரை நோக்கி வரிசையாகப் போனார்கள். பிரசாதம் தருகிறார்கள் போல என்று நானும் எழுந்தேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "உக்காருடீ. அது நன்மை, ஆண்டவரோட அப்பம். ஞானஸ்நானம் வாங்கினவங்க மட்டும்தான் வாங்கணும்." சரி என்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கிளெய்ம் கிளார்க் மூளை அதைக் குறித்துக்கொண்டது. அந்த வரிசையில் போகிறவர் கிறிஸ்தவர், உட்கார்ந்திருக்கிறவர் இல்லை. இதைவிடச் சுலபமான அடையாளம் வேறு வேண்டுமா?

அப்போது எனக்குத் தெரியாது, இந்த அடையாளத்தை என் வயிற்றில் பிறந்தவன் மேலேயே வைத்துப் பார்க்கப் போகிறேன் என்று. நனையாத புடவைக் கட்டைக் கண்டுபிடித்தவளுக்கு, குமரன் என்னைக் கூட்டிப்போகிற சாக்கில் ஆபீஸ் பார்ட்டிக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நிற்பது ஏன் என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஜெனிட்டாவும் உன்னை அழைத்துப்போக அதே நேரத்துக்கு வருவாள். இரண்டும் சேர்ந்து வந்து கல்யாணம் என்று நின்றபோது நான் உன்னைத்தான் பிடித்தேன். "நீயே கோத்து விட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறியா?" "அடிப்பாவி, எனக்கே நேத்து ராத்திரிதான்டீ தெரியும்!" நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

குமரன் வடபழனி முருகனுக்கு நேர்ந்து பிறந்தவன். அவன் அப்பா போன பிறகு எனக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். அவன் உங்கள் பக்கம் போய்விட்டால் நாளைக்கு எனக்கு யார் கொள்ளி வைப்பார்கள், யார் திதி கொடுப்பார்கள் என்று நான் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, "உன் பையனை உங்கிட்டேயிருந்து எடுக்க மாட்டேன்டீ. வேதத்துல சேருன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், சொல்ல விடவும் மாட்டேன்," என்றாய். அந்த நிமிஷம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்ததும் ஆறுதல் போய்விட்டது. இவள் எதற்கு இவ்வளவு சுலபமாக வாக்குக் கொடுத்தாள்?

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம், கோடம்பாக்கத்தில் ரிசப்ஷன். அன்றோடு நம் பேச்சு மாறிப்போனது. நாலு பேர் முன்னால், "வாங்க சம்பந்தி, சாப்பிடுங்க சம்பந்தி" என்று நீ மரியாதை கொடுத்துக் கொல்வாய். அடுக்களைக்குள் வந்ததும், "இன்னாடீ, மூஞ்சிய உம்முன்னு வெச்சினுகீறே?" என்று சாந்தோம்காரியாகிவிடுவாய். அந்த அடுக்களைக்காகத்தான் நான் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்தேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் வந்தது காவல் காக்க. உன் தெருவெல்லாம் ஸ்டார் தொங்கும், பிள்ளைகள் குடில் ஜோடித்திருப்பார்கள், எனக்கு எதுவும் கண்ணில் படாது. காலைப் பூசையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பெஞ்சு முன்னால் இருக்கிற குமரனின் பிடரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பேன்.

நன்மை நேரம் வரும். ஜெனிட்டா எழுந்து போவாள். உன் தங்கை, தங்கை வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் என் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போவார்கள். குமரன் அசைய மாட்டான். அப்பாடா என்று மூச்சு விட்டுத் திரும்பினால் நீயும் அசையாமல் உட்கார்ந்திருப்பாய். "நீ போகலியா?" "முட்டி வலிடீ." முதல் வருஷம் சரி என்றிருந்தேன். அடுத்த வருஷமும் அதே முட்டி வலி. முந்தின நாள் பாண்டி பஜார் முழுக்க என்னை இழுத்துக்கொண்டு அலைந்த முட்டி அது.

என் மூளை சும்மா இருக்குமா? ஒரு கணக்குப் போட்டது. குமரன் எப்போதோ மாறிவிட்டான், மற்ற ஞாயிறெல்லாம் வரிசையில் போகிறான், நான் வருகிற கிறிஸ்துமஸ் அன்று மட்டும் இவள் கண்ணைக் காட்டி அவனை உட்காரவைக்கிறாள், அதற்குத்தான் இவளும் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து உங்கள் சர்ச்சில் தூணுக்குப் பின்னால் நின்றேன். குமரன் வரவேயில்லை, அவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். நீ இருந்தாய். நன்மை நேரம் வந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கைகூப்பி, எல்லோருக்கும் முன்னால் வரிசையில் போய் நின்றாய். முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் அன்று அடுக்களையில் வைத்துக் கேட்டேவிட்டேன். நீ வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும் வலிக்கும்," என்றாய். யார் காதில் பூ சுற்றுகிறாய் என்று நான் கத்தினேன், நீ சிரித்தாய், அதோடு போயிற்று.

இந்த ஐப்பசி மழையில் நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. கடைசியாக நான் பார்க்க வந்தபோது உனக்குப் பேச முடியவில்லை. அப்போதும் அந்த முட்டி வலியைப் பற்றிக் கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை.

இந்த வருஷம் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஜெனிட்டா ஃபோனில் அழுதாள், போனேன். ஒளிக்காமல் சொல்கிறேன், இன்னொரு காரணமும் இருந்தது. இனி குமரனைத் தடுக்க நீ இல்லை. உண்மை எதுவானாலும் இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். சர்ச் வாசலில் உன் பக்கத்து வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, அவங்க இருக்க சொல்ல கேக்க முடியல. அவங்க இன்னா அப்டி பெரிய பாவம் பண்ணாங்க? மத்த நாளெல்லாம் நன்மை வாங்குவாங்க, பெரிய நாள் அன்னிக்கு மட்டும் வாங்காம குந்தினே இருப்பாங்க. நாங்கல்லாம் கண்டபடி பேசிக்கினு இருந்தோம். சாமியாரே ஒருக்கா கூப்ட்டு கேட்டாராம், சிரிச்சிட்டு வந்துட்டாங்களாம்."

நான் ஒருத்திதான் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று நினைத்திருந்தேன். ஊரே பட்டிருக்கிறது.

உள்ளே அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். நன்மை நேரம் வந்தது. உன் தங்கை வீட்டார் என் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். முன்பெஞ்சு காலி, பின்பெஞ்சு காலி. அந்த நீளப் பெஞ்சில் பொட்டு வைத்துக்கொண்டு நான் ஒருத்தி மட்டும். திரும்பி வருகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் வருகிறார்கள், ஆனாலும் ஒவ்வொரு கண்ணும் ஒரு தரம் என் மேல் பட்டுவிட்டுப் போகிறது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாமலே போனது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது. நீ விடவில்லை. வருஷம் முழுக்க நீ காத்திருக்கிற நாளில், உனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதான அதை விட்டுக்கொடுத்துவிட்டு, பாவி என்று பெயர் வாங்கிக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து இரண்டு பெஞ்சு முன்னாலிருந்த குமரன் எழுந்தான். நான் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அவன் வரிசை ஓரமாகவே பின்னால் நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன்னை யார்டா வரச் சொன்னது?"

"அத்தைதாம்மா. ஆஸ்பத்திரில பேச்சு நிக்கறதுக்கு முன்னாடி சொன்னாங்க. எல்லாரும் எந்திரிச்சுப் போறப்ப உங்கம்மா ஒத்தையா இருப்பா, நீ போய் கூட உக்காந்துக்கோன்னு."

வரிசை இன்னும் முடியவில்லை. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குப் புதிதாக இருந்தது. "டேய்," என்றேன் மெதுவாக, "உனக்கு அதுல போகணும்னு இருக்கா?" அவன் திரும்பவில்லை. "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்," என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ வாக்குத் தவறவில்லை, அந்தக் கிளெய்மை நான் முழுசாக ஒப்புக்கொண்டு மூடிவிட்டேன். ஆனால் இப்போது புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. என்னைத் தனியாக விடக் கூடாது என்று இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது நீ மட்டும்தானா, இல்லை அவனுமா? நாலு நாளாக இதைத்தான் சுமந்துகொண்டு நடக்கிறேன். அவனைக் கேட்டால் மழுப்புவான், ஜெனிட்டாவைக் கேட்டால் கேக்கை நீட்டுவாள். நீ இருந்திருந்தால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே உண்மையைச் சொல்லியிருப்பாய். நான் அதை நம்பாமல் உன்னோடு மல்லுக்கு நின்றிருப்பேன். இனிமேல் நான் யாரைடீ நம்பாமல் இருப்பேன்?