தாத்தாவின் சொந்தப் பேர்

அன்பு மகள் சியோம்புவாவுக்கு, கிடூயிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், உன் தாத்தாவும் பல்லில்லாமலே சோளமும் பீன்ஸும் மென்றுகொண்டு சுகமாக இருக்கிறார். டப்ளின் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், வயிற்றுப் பிள்ளை உதைக்கிறதா என்று எழுது, ஆஸ்பத்திரி வேலையில் கனம் எதுவும் தூக்காதே. இங்கே நடந்ததை போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

பர்மாச் சண்டைக்குப் போய்வந்த பழைய சிப்பாய்களுக்கு அடுத்த மாதம் நைரோபியில் மெடல் போடுகிறார்களாம், தாத்தாவின் வயதைச் சரிபார்க்க ஓர் அதிகாரியம்மா வந்தார். பட்டாளச் சீட்டுப்படி பேர் கிமேயு, வயது நூற்றியாறு. அந்த அம்மா சர்ச் பதிவேட்டையும் பார்த்திருக்கிறார், அதில் கிமேயு 1943லேயே இறந்துவிட்டதாக இருக்கிறது, அப்படின்னா நீங்க யாரு தாத்தா என்று கேட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்து எழுந்தேன். தாத்தா சிரிக்கிறார், உட்காருடா, இதைக் கேக்க எண்பது வருஷமா ஒரு ஆள் வரலையேன்னு பாத்துட்டிருந்தேன் என்கிறார். அவருடைய சொந்தப் பேர் முசெம்பியாம், கிமேயு அவருக்கு ஆறு வயது இளைய தம்பியாம். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க லாரி வந்தபோது பட்டியலில் இருந்தது தம்பி பேர், தம்பியோ ரத்தமாக இருமிக்கொண்டு படுத்திருக்கிறான், நான்தான் கிமேயு என்று இவர் ஏறிவிட்டார். மூன்று வருஷம் பட்டாளத்திலும் பர்மா மழையிலும் அட்டைக்கடியிலும் கிடந்து திரும்பினால் தம்பி இல்லை. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட இனி ஆளில்லையே என்று தாத்தாவின் அம்மா அழுதாளாம், அப்ப என்னையே கிமேயுன்னு கூப்பிடும்மா என்றிருக்கிறார், ஊரும் அப்படியே பழகிவிட்டது. தெரிந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. எழுபது வருஷம் ஒரே முற்றத்தில் இருக்கிறேன், எனக்கே தெரியாது பார். பாட்டிக்குத் தெரியுமா என்று கேட்டேன், கல்யாணத்தன்னிக்கே சொன்னேன், ஒரே பந்தல்ல ரெண்டு புருஷனான்னு சிரிச்சா என்றார்.

ஆக வயது நூற்றிப் பன்னிரண்டு. ஆனால் இதை எழுதினால் பேர் ஒத்துவராமல் மெடல் போய்விடும், விட்டுவிடட்டுமா என்று அந்த அம்மா மெல்லக் கேட்டார். விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன், தாத்தா முந்திக்கொண்டார். எழுதும்மா, கிமேயு யாரையும் சுடலை, அம்மா மடியில செத்தான், சுட்டதெல்லாம் நான், அந்தப் பாவம் அவன் பேர்ல இருக்க வேண்டாம் என்றார். எத்தனை பேரை என்று கேட்க ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது, கேட்கவில்லை. மெடல் இல்லையென்று நேற்று சேதி வந்தது. சரி என்று சொல்லிவிட்டு வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முசெம்பி தாத்தா என்று கூப்பிடு. உடனே பதில் வராது, காது நன்றாகத்தான் கேட்கிறது, அந்தப் பேருக்கு இன்னும் பழகவில்லை, ரெண்டு மூன்று தடவை கூப்பிடு.

இப்படிக்கு உன் அப்பா,
முசெம்பி மகன் கியாலோ